காரின் வெப்ப உணரிகளும் அவற்றின் பழுது காணும் முறையும்

நடுப்பகல் வெயிலில் ஓடும் கார் ஒன்றில் குளிர்சாதனம் தன் தொழிலை விட்டு விட்டுச் செய்கிறது என்று வைத்துக்கொள்க. புறப்பட்ட சிறிது நேரம் ஓரளவு குளிர்ந்த காற்று வருகிறது. பின்னர் அது வெதுவெதுப்பாகிறது. சில நிமிடம் கழித்துக் குளிர் மீண்டும் தலைகாட்டுகிறது, மீண்டும் மறைகிறது. உரிமையாளர் காரைப் பட்டறைக்குக் கொண்டு செல்கிறார். கேஸ் குறைந்திருக்கும் என்று கூறிப் புதிதாகக் கேஸ் ஏற்றப்படுகிறது. தொல்லை தீரவில்லை. கம்பிரசர் தேய்ந்திருக்கும் என்று கூறி அதுவும் மாற்றப்படுகிறது. அப்பொழுதும் தீரவில்லை. இருமுறை பெருந்தொகை கொடுத்த பின்னரே, மின்கம்பிகளைச் சேர்க்கும் சிறு இணைப்பான் ஒன்றின் முனையில் படிந்த பச்சைக் களிம்புதான் இத்தனைக்கும் காரணம் என்பது தெரியவருகிறது. அதனைத் துடைத்து நீக்க ஆகும் செலவோ மிகச் சிறிது.

இங்கே உண்மையில் பிழைத்தது யாது? கேஸும் பிழைக்கவில்லை, கம்பிரசரும் பிழைக்கவில்லை. பழுது காணும் முறையே பிழைத்தது. சான்று கூறுவோன் சொல்லை ஆராயாமல் தீர்ப்பு வழங்கிய குற்றம் அது. இந்நாளைய கார்களில் குளிரைக் காப்பது இயந்திரம் மட்டும் அன்று. வெப்பத்தை அளந்து சொல்லும் உணரிகளும், அவற்றின் சொல்லைக் கேட்டு ஆணையிடும் கணினியும் சேர்ந்தே அதனைக் காக்கின்றன. உணரியின் சொல் பிழைத்தால் கணினியின் ஆணையும் பிழைக்கும். ஆதலின் அச்சொல்லை எவ்வாறு சோதிப்பது என்பதை அறிந்திருத்தல் காருடையார் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

கை செய்த வேலை

காரில் குளிர்சாதனம் இடம்பெற்ற வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. பேக்கார்டு நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுக்காக 1939இல் அதனை அறிமுகப்படுத்தியது. அந்நாளில் குளிரைக் கூட்டவும் குறைக்கவும் தக்க அமைப்பு இல்லை. குளிரை முற்றும் நிறுத்த வேண்டுமாயின், எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, கம்பிரசரைச் சுழற்றும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். பின்னர்க் கைப்பிடிகளும் விசைகளும் வந்தன. ஆயினும், வெயில் ஏற ஏறத் திருகுவதும் மழை பெய்தால் மாற்றித் திருகுவதும் காரோட்டியின் வேலையாகவே இருந்தன.

1964இல் காடிலாக் கார்கள் இந்நிலையை மாற்றின. வேண்டிய வெப்பநிலையை ஒருமுறை குறித்துவிட்டால் போதும். குளிர்க்காற்றையும் வெப்பக் காற்றையும் வேண்டிய அளவு கலந்து அந்நிலையைக் காக்கும் பொறுப்பை அமைப்பே ஏற்றுக்கொண்டது. அன்றுவரை காரோட்டியின் தோல் செய்துவந்த வேலை அதன்பின் உணரிகளிடம் சென்றது. இன்று சிறு கார்களிலும் இவ்வமைப்பு காணப்படுகிறது.

ஐந்து சாட்சிகள்

தானியங்கிக் குளிர்சாதனத்தில் பொதுவாக ஐந்து வகை உணரிகள் உள்ளன. முதலாவது, புறக்காற்றின் வெப்பத்தை அளப்பது. காரின் முன்புறத்தில், காற்று நேரே வந்து படும் இடத்தில் பொருத்தப்படுவது. இரண்டாவது, காரினுள்ளே இருக்கும் காற்றை அளப்பது. டாஷ்போர்டில் சிறு துளைகள் உடைய மூடியின் பின்னே இருப்பது. அவ்விடத்தில் காற்று தேங்கிவிட்டால் அளவு பிழைபடும் என்பதால், சிறு விசிறியோ உறிஞ்சு குழாயோ காரினுள் இருக்கும் காற்றை அதன்மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது, வெயிலை அளப்பது. முன் கண்ணாடியின் அடியில், டாஷ்போர்டின் மேற்பரப்பில் சிறு குமிழ்போல் தோன்றுவது. இது வெப்பத்தை அன்றி ஒளியையே உணரும். நான்காவது, பட்டறைகளில் கூலிங் காயில் எனப்படும் ஆவியாக்கியின் தகடுகளிடையே செருகப்பட்டிருப்பது. ஐந்தாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளப்பது. இவற்றோடு, குழாயினுள் கேஸின் அழுத்தத்தை அளக்கும் உணரியும் உண்டு.

இவற்றுள் நான்காவதன் பணி தனிச் சிறப்புடையது. ஆவியாக்கியின்மேல் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிகிறது. அதன் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சென்றால் அந்நீர் பனிக்கட்டியாகித் தகடுகளின் இடைவெளியை அடைத்துவிடும். பிறகு காற்று வாராது. ஆகவே, உறைநிலை நெருங்குகிறது என்று அவ்வுணரி சொன்ன உடனே, கணினி கம்பிரசரை நிறுத்திவைக்கிறது. ஆவியாக்கி சற்று வெப்பம் ஏறியதும் மீண்டும் இயக்குகிறது. சாட்சியின் ஒரு சொல் கம்பிரசரையே நிறுத்தவல்லது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

உணரியின் மொழி

வெப்பத்தை அளக்கும் உணரிகள் பெரும்பாலும் தெர்மிஸ்டர் என்னும் சிறு மணி போன்ற பொருளால் ஆனவை. உலோகக் கம்பியில் வெப்பம் கூடினால் மின்தடையும் கூடும். இம்மணியிலோ வெப்பம் கூடக் கூட மின்தடை குறையும். இத்தகைய இயல்பை வெள்ளிச் சல்பைடு என்னும் பொருளில் மைக்கேல் ஃபாரடே 1833இல் கண்டறிந்தார். அவர் கண்ட உண்மை ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னரே தொழிற்பயனுக்கு வந்தது.

பரவலாக வழங்கும் ஒரு வகைத் தெர்மிஸ்டரை எடுத்துக்கொள்வோமாயின், 25 பாகை செல்சியசில் அதன் தடை 10,000 ஓம். 0 பாகையில் அது ஏறத்தாழ 33,000 ஓமாக உயர்கிறது. 50 பாகையில் ஏறத்தாழ 3,600 ஓமாகக் குறைகிறது. கார்தோறும் இவ்வெண்கள் வேறுபடும். ஏறினால் இறங்கும் என்னும் முறை வேறுபடாது.

கணினி இத்தடையை நேரே அளப்பதில்லை. தன்னுள் இருக்கும் நிலையான ஒரு தடையின் வழியே 5 வோல்ட் மின்னழுத்தத்தை உணரிக்கு அனுப்பி, இடையில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. கம்பி அறுந்துபோனால் முழு 5 வோல்ட்டும் நிற்கும். தடை அளவிறந்து பெரிதாயிற்று, ஆதலின் குளிர் மிகக் கடுமை என்று கணினி கொள்ளும். பல கார்களில் அப்போது −40 பாகை என்னும் எண் தோன்றும். மாறாக, இரு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மின்னழுத்தம் சுழி ஆகிவிடும். கொதிக்கும் வெப்பம் என்று கணினி எண்ணும். இவ்விரண்டும் வெளிப்படையான பொய்கள். கணினியே இவற்றைப் பிடித்துவிடும்.

களிம்பு செய்யும் வேலை

பிடிபடாத பொய் ஒன்று உண்டு. அதுவே களிம்பின் பொய். செம்பிற் களிம்பு என்பது தமிழர்க்குப் பழகிய உவமை. ஈரம் புகுந்த இணைப்பான் முனையில் ஏறும் அக்களிம்பு மின்னோட்டத்தை முழுவதும் தடுப்பதில்லை. தன் பங்குக்குச் சிறிது தடையைச் சேர்க்கிறது. உணரியின் தடையோடு களிம்பின் தடையும் கூட, மொத்தம் பெருகுகிறது. தடை பெருகினால் குளிர் என்று பொருள் கொள்ளும் கணினி, உள்ளதைக் காட்டிலும் குளிர்ந்த நிலையைக் காண்கிறது.

தொடக்கத்திற் கூறிய காரையே மேற்சொன்ன எண்களைக் கொண்டு நோக்கலாம். அதன் ஆவியாக்கி உணரியின் இணைப்பில் களிம்பு 20,000 ஓம் தடையைச் சேர்த்துவிட்டது என்க. ஆவியாக்கி 30 பாகையில் இருக்கும்போது உணரியின் தடை ஏறத்தாழ 8,000 ஓம். களிம்போடு கூட்டினால் 28,000. இதனைக் கணினி ஏறத்தாழ 3 பாகை என்று படிக்கிறது. உறைநிலை இன்னும் வரவில்லை என்று கம்பிரசரை ஓடவிடுகிறது. ஆவியாக்கி 20 பாகைக்குக் குளிர்ந்ததும் உணரியின் தடை ஏறத்தாழ 12,500, களிம்போடு 32,500. கணினி அதனை ஏறத்தாழ 0 பாகை என்று படிக்கிறது. உடனே கம்பிரசரை நிறுத்துகிறது. உண்மையில் 20 பாகையில் இருக்கும் ஆவியாக்கி உறையப்போகிறது என்பது அதன் எண்ணம். சில நிமிடங்களில் ஆவியாக்கி மீண்டும் வெப்பம் ஏற, கம்பிரசர் மீண்டும் ஓடுகிறது. குளிர் விட்டு விட்டு வருவதன் காரணம் இதுவே.

இக்காரில் கேஸும் நிறைவாக உள்ளது; கம்பிரசரும் நலமாக உள்ளது; உணரியும் பழுதுறவில்லை; கணினியும் தனக்குச் சொல்லப்பட்டதற்கேற்ப ஒழுங்காகவே நடந்தது. குற்றம் இடையில் நின்ற களிம்பினது. மேலும், 0 பாகை என்பது ஆவியாக்கிக்கு நிகழக்கூடிய நிலையே ஆதலால், கணினி அதனைப் பொய் என்று ஐயுறுவதற்கு வழியில்லை; பழுதுக் குறியீடு எதுவும் தோன்றாமலே போகலாம்.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

பழுது நேர்ந்தால் கணினி ஒரு குறியீட்டைக் குறித்துவைக்கும். அதனைப் படிக்கும் கருவியை இன்று எவரும் வாங்கலாம். ஆயினும் எளிய கருவிகள் பல, எஞ்சினைச் சார்ந்த பி என்னும் எழுத்தில் தொடங்கும் குறியீடுகளை மட்டுமே படிக்கும். குளிர்சாதனக் குறியீடுகளோ பொதுவாக, காரின் உடற்பகுதியைக் குறிக்கும் வேறு வகையில் அடங்குவன. எளிய கருவியில் ஒன்றும் தோன்றவில்லை என்பதால் பழுது இல்லை என்று துணிதல் கூடாது. சில கார்களில் குளிர்சாதனப் பொத்தான்கள் இரண்டை ஒருசேர அழுத்தியபடி சாவியைத் திருப்பினால், அமைப்பு தன்னைத் தானே சோதித்துக்கொண்டு குறியீட்டைத் திரையிற் காட்டும். அம்முறை காரோடு வந்த நூலிலோ பட்டறைக் கையேட்டிலோ கூறப்பட்டிருக்கும்.

இனி, குறியீடு கிடைத்தால் அதன் பொருள் யாது? புறவெப்ப உணரி என்று குறியீடு சொன்னால் அவ்வுணரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதே பலர் செய்வது. குறியீட்டின் பொருள் அதுவன்று. அவ்வுணரியின் வழியில் வரும் செய்தி ஏற்கத்தக்கதாக இல்லை என்பதே அதன் பொருள். அவ்வழியில் உணரியும் உண்டு, இணைப்பானும் உண்டு, நீண்ட கம்பியும் உண்டு, இறுதியில் கணினியும் உண்டு. நால்வரில் ஒருவர் தவறினார் என்னும் செய்தியை, முதல்வரே தவறினார் என்று கொள்வது முறையாகாது.

யாருமே தவறாதபோதும் குறியீடு தோன்றுவது உண்டு. டொயோட்டாக் கார்கள் பலவற்றில் வெயில் உணரிக்கு உரிய குறியீடு, இருண்ட இடத்தில் சோதனை நடத்தினாலே தோன்றிவிடும். ஒளி இல்லாத இடத்தில் ஒளி இல்லை என்று அவ்வுணரி சொல்வது உண்மையே. கணினியோ அதனைப் பழுதெனக் கொள்கிறது. காரை வெயிலில் நிறுத்தியோ, இழைவிளக்கின் ஒளியை உணரியின்மேல் நேரே பாய்ச்சியோ சோதித்தால் அக்குறியீடு மறையும். இதனை அறியாதார் நல்ல உணரியை மாற்றுவர்.

காட்சி, கருதல், உரை

அறிவு பெறும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை எனத் தமிழ் அளவை நூலார் வகுத்தனர். நேரே காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். தக்கோர் சொல்லை ஏற்பது உரை. பட்டறையில் நிகழும் பிழைகளை இப்பாகுபாடு தெளிவாகக் காட்டுகிறது. குறியீடு என்பது உரை. கேஸ் குறைந்திருக்கும் என்பது கருதல். இவ்விரண்டோடு நின்றுவிட்டால் காட்சி என்னும் வாயில் திறக்கப்படவே இல்லை. வெப்பமானியும் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரும் காட்சிக்கு உரிய கருவிகள். உரையையும் கருதலையும் காட்சியோடு ஒப்பிட்ட பின்னரே பொருளை மாற்றுதல் தகும்.

உள்ளூர்க் காலநிலையே ஒரு காட்சியாக உதவுவதும் உண்டு. சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1989இல் காணப்பட்ட 19 பாகை. ஆகவே, சிங்கப்பூர்ச் சாலையில் ஓடும் காரின் திரையில் புறவெப்பம் 4 பாகை என்று தோன்றினால், அது பொய் என்பதற்கு வேறு சோதனை வேண்டா. குளிர்நாட்டில் இருப்பவருக்கு அந்த எண் ஐயம் எழுப்பாது. புறத்தே கடுங்குளிர் என்று தோன்றினால் கம்பிரசரை இயக்காமலே விடும் கார்களும் பல உள்ளன. எனவே குளிர் வராத காரில் முதலில் நோக்க வேண்டியது திரையில் உள்ள அந்த எண்ணே.

விடியற்காலைச் சோதனை

உணரிகளைச் சோதிக்க மிக எளிய வழி, விடியற்காலையில் எஞ்சினை இயக்குமுன் சோதிப்பதாகும். இரவு முழுவதும் நிழலில் நின்ற காரில் எஞ்சின், ஆவியாக்கி, உட்காற்று, முன்புறம் ஆகிய அனைத்தும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையை அடைந்துவிடுகின்றன. அவ்வேளையில் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, தக்க கருவியால் உணரிகளின் அளவுகளை ஒவ்வொன்றாகப் படித்தல் வேண்டும். அருகில் சாதாரண வெப்பமானி ஒன்றையும் வைத்துக்கொள்ளல் வேண்டும். 27, 28, 26, 27 என்று நால்வர் சொல்ல, ஒருவர் மட்டும் 3 என்று சொன்னால், ஐயத்திற்கு உரியவர் யார் என்பது விளங்கும். தனித்து நோக்கும்போது பிடிபடாத களிம்பின் பொய், பலர் சொல்லோடு ஒப்பிடும்போது பிடிபட்டுவிடுகிறது. நடுப்பகலில் இச்சோதனை பயன்படாது. அப்பொழுது ஒவ்வோர் இடத்தின் வெப்பமும் உண்மையிலேயே வேறுபடும்.

ஐயத்திற்கு உரியவரைக் கண்டபின், குற்றம் உணரியினதா கம்பியினதா என்று பிரித்தறிதல் அடுத்த படி. சாவியை நிறுத்தி, இணைப்பானைக் கழற்றி, உணரியின் இரு முனைகளிடையே மல்டிமீட்டரால் தடையை அளக்கலாம். கழற்றாமல் அளந்தால் எண் பிழைபடும். கிடைத்த எண்ணைக் கையேட்டில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடல் வேண்டும். உணரியின் மணிப்பகுதியை நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில், முனைகள் நனையாதவாறு வைத்தால், 0 பாகைக்கு உரிய தடையைக் காணலாம். எண் அட்டவணைக்கு ஒத்தால் உணரி குற்றமற்றது.

பின்னர்க் கம்பியைச் சோதிக்கலாம். இணைப்பான் கழன்ற நிலையில் கருவியில் கடுங்குளிர் எண் தோன்ற வேண்டும். காரின் பக்கத்து இணைப்பான் முனைகள் இரண்டையும் சிறு கம்பியால் இணைத்தால் மிக உயர்ந்த வெப்ப எண் தோன்ற வேண்டும். இரண்டும் அவ்வாறே தோன்றினால் கம்பி அறவில்லை என்பதும் கணினி கேட்கிறது என்பதும் உறுதி. இச்சோதனை இரு கம்பி உடைய வெப்ப உணரிக்கே உரியது. மூன்று கம்பி உடைய அழுத்த உணரியில் செய்தல் ஆகாது. இறுதியாக, உணரியை மீண்டும் செருகி, கம்பியை மெல்ல அசைத்துப் பார்த்தல் நலம். அசைக்கும்போது எண் துள்ளினால் இணைப்பில் களிம்போ தளர்ச்சியோ உண்டு.

உட்காற்று உணரிக்குக் கருவியே வேண்டா. குளிர்சாதனத்தை இயக்கி, மெல்லிய தாள்துண்டு ஒன்றை அதன் மூடிமேல் வைத்தால், தாள் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் விழுந்தால், தூசி அடைத்திருக்கலாம். உறிஞ்சு குழாய் கழன்றிருக்கலாம். காற்றுப் படாத உணரி டாஷ்போர்டின் வெப்பத்தைக் காரின் வெப்பமாகச் சொல்லும்.

இச்சோதனைகளில் எச்சரிக்கை வேண்டும். முன்புற விசிறி எதிர்பாராமல் சுழலக்கூடும். டாஷ்போர்டினுள் செல்லும் மஞ்சள் நிறக் கம்பிகள் உயிர்காக்கும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொடுதல் கூடாது. கேஸ் குழாய்களை அவிழ்ப்பது பயிற்சி பெற்றோர் தொழில்.

நல்ல சாட்சியைப் பழித்தல்

பொய்ச் சாட்சியை நம்புவது ஒரு பிழையாயின், உண்மைச் சாட்சியைப் பழிப்பது மற்றொரு பிழை. ஆவியாக்கி உறைகிறது என்று உணரி சொல்லும்போது, அது உண்மையிலேயே உறைந்துகொண்டிருக்கலாம். காற்று வடிகட்டியில் அழுக்கு அடைத்துப்போய், ஆவியாக்கியின்மேல் போதிய காற்றுச் செல்லாவிடில் அவ்வாறு நேரும். அங்கு மாற்ற வேண்டியது வடிகட்டி, உணரி அன்று. போக்குவரத்து நெரிசலில் நின்ற காரின் புறவெப்ப எண் 40ஐத் தாண்டுவதும் பொய்யன்று. எஞ்சினின் வெப்பமும் தார்ச்சாலையின் வெப்பமும் உணரியைச் சூழ்ந்து நிற்கின்றன. இதனால், பல கார்களில் வண்டி ஓடத் தொடங்கிய பிறகே கணினி அந்த எண்ணை மாற்றும். புதிய உணரியைப் பொருத்திய உடனே எண் மாறவில்லை என்று அதனையும் குறைகூறுவது இவ்வியல்பை அறியாமையால் வருவது.

செலவும் காற்றும்

முறையாகப் பழுது காண்பதில் இழப்பைத் தவிர்க்கும் பயன் இருவகையில் உண்டு. ஒன்று பணம். உணரியின் விலை கம்பிரசரின் விலையில் சிறு பகுதியே. களிம்பைத் துடைப்பதோ அதனினும் எளிது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

மற்றொன்று, அனைவர்க்கும் பொதுவான காற்று. பழைய கார்களில் இருந்த ஆர்-12 என்னும் கேஸ் ஓசோன் படலத்தை அழிப்பதாக அறியப்பட்டு, 1987இல் செய்யப்பட்ட மான்ட்ரியல் உடன்பாட்டின் வழி விலக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை; எனினும், நூறாண்டுக் கணக்கில் நிலத்தைச் சூடாக்கும் ஆற்றலில் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. 2016ஆம் ஆண்டுக் கிகாலித் திருத்தம் இதனையும் படிப்படியாகக் குறைக்க வழிவகுத்தது. தேவையின்றிக் குழாயை அவிழ்த்து, கேஸை மீட்டெடுக்காமல் வெளியே விடும் ஒவ்வொரு முறையும் இக்கேடு சிறிது வளர்கிறது. களிம்பைத் தேடாமல் கேஸை மாற்றியவர், தம்மை அறியாமலே பிறர் காற்றையும் சூடாக்கினார் ஆவர்.

மாணவர்க்கு ஆராயும் முறையைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. வெப்பமானி ஒன்றும், சில வெள்ளி விலையுள்ள தெர்மிஸ்டர் ஒன்றும், மல்டிமீட்டர் ஒன்றும் இருந்தால் வகுப்பறையிலேயே இதனைச் செய்து காட்டலாம். மாணவர் தம் கண்ணால் எண் இறங்குவதைக் காண்பர். இடையில் வேறொரு தடையைச் சேர்த்ததும் அந்த எண் பொய்யாவதையும் காண்பர். சொன்னவர் யார், சொல் எவ்வழியாக வந்தது, அதனை ஒப்பிட வேறு சான்று உண்டா என்று கேட்கும் பழக்கம் அங்கே தோன்றும். அப்பழக்கம் உடையவர் பட்டறையில் கேட்கும் முதற் கேள்வி, எதை மாற்றப் போகிறீர்கள் என்பதாய் இராது. எதை அளந்து பார்த்தீர்கள் என்பதாகவே இருக்கும்.